பெருங்களத்தூரில் ஃபெராரி சாயல்! பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா... இதெல்லாம் தெரியுமா?

பெருங்களத்தூர் என்றதும் என்ன ஞாபகம் வரும்? தீபாவளிக்கு முந்தின ராத்திரி, பையும் பெட்டியுமாக நின்று மதுரை பஸ்சுக்கும் நெல்லை பஸ்சுக்கும் கை காட்டியது. இப்போது அந்தக் கூட்டமும் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் இதே பெருங்களத்தூர் பக்கத்துத் தொழிற்சாலை வாசலிலிருந்து, ஃபெராரி டேடோனாவின் சாயலை வாங்கிக்கொண்ட ஒரு கார் 1985இல் வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியது, தெரியுமா?

சத்தியமாக! காரின் பெயர் ஸ்டாண்டர்டு 2000. ஒரிஜினல் வண்டி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அதை வடிவமைத்த டேவிட் பேச், ஃபெராரி டேடோனாவின் மூக்கில் மயங்கித்தான் அந்தத் தாழ்ந்த முன்பக்கத்தை வரைந்தார். 1977இல் 'ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார்' விருதும் அதற்குத்தான். இங்கிலாந்தில் அதன் உயர்ரக வண்டிக்குள் இருந்தது எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின். அங்கே உற்பத்தி ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில் கார் இந்தியாவுக்கு வந்தது. 'ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற நம்ம வண்டலூர் - பெருங்களத்தூர் கம்பெனி, நம்ம ரோட்டுக்கு ஏற்ற மாதிரி வண்டியைத் தூக்கி நிறுத்தி விற்றது.

எட்டு சிலிண்டரும் கூட வந்ததா? அதுதான் இல்லை! உள்ளே வைத்தது நாலு சிலிண்டர், 1991 சி.சி., 83 குதிரைத்திறன். 1940களில் பிறந்த ஸ்டாண்டர்டு வான்கார்ட் காரின் இன்ஜின் பரம்பரை. ஆளைப் பார்த்தால் பந்தய வீரன், மூச்சு மட்டும் தாத்தாவுடையது. பெட்ரோலையும் நன்றாகவே குடித்தது. 1988இல் கதை முடிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், அந்தத் தாத்தா லேசுப்பட்டவர் இல்லை! அதே இன்ஜின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. அதே குடும்பம்தான் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் உட்கார்ந்தது. அங்கேயும் கொள்ளளவு அதே 1991 சி.சி.! 1953 மே மாதம் பெல்ஜியத்தில் ஜாபெக் நெடுஞ்சாலையில் ஒரு டி.ஆர்.2 மணிக்கு 124 மைலைத் தாண்டியது. நம்ம கணக்கில் 200 கிலோமீட்டர். வயலில் கலப்பை இழுத்த வம்சம் ஒரு பக்கம் 200 கிலோமீட்டரில் பறக்கிறது, இன்னொரு பக்கம் பெருங்களத்தூரில் ஃபெராரி சாயல் காருக்குள் புகுந்து திணறுகிறது!

இந்த இன்ஜினில் பழைய கார் வாங்குபவருக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் என்ற குழாயைத் தனியாக உருவி எடுத்துப் புதிதாகச் செருகலாம். பிளாக்கை லேத்துக்குத் தூக்கிப் போய் போர் போட வேண்டியதில்லை. டிராக்டர் புத்தி!

தாம்பரத்துக்கு ஒரு ஸ்பிட்ஃபயர் சொந்தக்காரன்

ஸ்டாண்டர்டு 2000ஐ விடுங்கள். அதே தொழிற்சாலை 1961இலிருந்து பத்தாண்டு செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்ட், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வம்சத்துக்குச் சொந்தம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? வெறும் சொந்தமா! நெருங்கிய சொந்தம்!

ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் 1959இல் வந்தது. 1962இல் அதே சேஸிஸின் வீல்பேஸை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகச் சுருக்கி, மேலே மிக்கெலோட்டியே வரைந்த ஒரு குட்டி உடம்பை மாட்டினார்கள். அதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்! 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன் சக்கரத் தாங்கிகள் லோட்டஸ் எலான் வரை போயிருக்கின்றன. சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ மாமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் ஹெரால்டின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால், அங்கே இருப்பது ஸ்பிட்ஃபயரின் எலும்புக்கூடுதான்.

தூக்கிப் பார்ப்பது என்று சொன்னது பேச்சுக்காக இல்லை. ஹெரால்டின் பானட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழும். அப்படியே டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம்! இந்த வசதி வந்த கதையே வேடிக்கை. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துத் தர ஆள் இல்லாமல், துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டும்படி ஹெரால்டை அமைத்தார்கள். அங்கே ஏற்பட்ட நெருக்கடி, இங்கே அறுபது வருடம் கழித்து டிங்கரிங் பார்ப்பவருக்கு வரம். துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்றலாமே!

இதன் திரும்பும் வட்டம் வெறும் 25 அடி. ராஜகீழ்ப்பாக்கம் சந்துகளில் இன்றைய எஸ்.யூ.வி.க்காரர் மூன்று முறை ரிவர்ஸ் போடும் இடத்தில் ஹெரால்ட் ஒரே சுற்றில் திரும்பிவிடும்.

இனி ரிஸ்க். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே 'ட்ரன்னியன்' என்ற பித்தளைக் கட்டைக்குள் மரை போட்டுத் திருகிய மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்குப் போட வேண்டியது கியர் ஆயில். எத்தனையோ பட்டறையில் கிரீஸ் அடித்துவிடுவார்கள்! கிரீஸ் உள்ளே சரியாக இறங்காது, தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஒரு லிட்டர் கியர் ஆயிலின் விலை என்ன, சக்கரம் மடிந்தால் ஆகும் செலவு என்ன! வாங்கப் போகும்போது விற்பவரிடம் முதலில் கேளுங்கள்: "ட்ரன்னியனுக்கு என்ன அண்ணே போடுறீங்க?" முகத்தில் குழப்பம் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

பின்னால் இன்னொரு கண்ணி. ஹெரால்டின் பின் அச்சு 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி பம்பரமாகச் சுற்றப் பார்க்கும். 1970களில் வந்த கெஸல் காரில் இதைத் தூக்கிவிட்டு, சாதாரண ஒற்றை அச்சைப் போட்டது நம்ம கம்பெனி. அதனால் தினம் ஓட்ட கெஸல் நிம்மதி. ரசிகர்களோ ஹெரால்டையே தேடுவார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியாது!

சேஸிஸின் இரு பக்கமும் கிளைபோல நீளும் தாங்கிகளை மட்டும் கட்டாயம் பாருங்கள். கடல் காற்று வாங்கும் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் நின்ற வண்டியென்றால் படுத்துக்கொண்டே பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போனால், பெயிண்ட் பளபளப்புக்கு ஒரு பைசாகூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

கோவாவில் ஒரு புயல், சோழவரத்தில் ஒரு எஃப் 1

இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்ற இரண்டு இருக்கை ஓப்பன் கார் ஒன்று உண்டு, ஓட்டியிருக்கிறீர்களா? சான் ஸ்டார்ம்! 1990களின் கடைசியில் கோவாவில் செய்தார்கள். உடம்பு ஃபைபர்கிளாஸ், இன்ஜின் ரெனோவின் 1.2 லிட்டர், 60 குதிரைத்திறன். உடம்பு துருப்பிடிக்காது, சந்தோஷம். ஆனால் அந்த இன்ஜின் வந்த காலத்தில் ரெனோவுக்கு இங்கே கடையே இல்லை. நம்ம ஒரகடத்தில் ரெனோ - நிஸான் தொழிற்சாலை திறந்தது 2010இல்தான். கிடைத்தால் அதிர்ஷ்டம், சாமான் தேடுவது துரதிர்ஷ்டம். ஒன்றோடு ஒன்றாகத்தான் வரும்.

பழைய பந்தய வண்டி வாங்குவதில் உச்சம் எது தெரியுமா? 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரை வாங்கி நம்ம சோழவரத்தில் ஓட்டினார்! இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுபாதையில் எஃப் 1 கார்! சோழவரத்துக்குப் பின் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சரியான ரேஸ் டிராக் வந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. தாம்பரத்துக்காரர்களுக்கு வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் பக்கம். பழைய வேக வண்டி வாங்கினால் அதன் வேகத்தைப் பார்க்க வேண்டிய இடம் அங்கேதான். ஓ.எம்.ஆரிலோ ஈ.சி.ஆரிலோ ராத்திரி பதினொரு மணிக்குப் பார்ப்பவர்களைப் பற்றி எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார், விட்டுவிடுகிறேன்.

சச்சினுக்கு 2002இல் ஷூமாக்கர் சாவி கொடுத்த ஃபெராரி 360 மொடீனா கதை எல்லோருக்கும் தெரியும். பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்குப் பரிசு. சுங்க வரி விலக்கு பெரிய சர்ச்சையானது. 2011இல் அதுவும் செகண்ட் ஹேண்ட் வண்டியாகி சூரத் வியாபாரி ஒருவரிடம் போய்விட்டது! சச்சின் வண்டியே கைமாறும்போது நமக்கென்ன கூச்சம்?

மறைமலை நகரின் ஜோஷ்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவும் தாழ்ந்த முதுகும்தான் என்று பிடிவாதம் பிடிக்காதவர்களுக்கு ஒரு விஷயம். தென்சென்னைப் புறநகரில் பிறந்த நல்ல 'ஓட்டுற வண்டி' ஒன்று இன்றும் அடிமாட்டு விலையில் கிடைக்கிறது. ஃபோர்டு ஐகான் 1.6! ஃபோர்டு இந்தியாவுக்கென்றே உருவாக்கிய முதல் கார். 1999 நவம்பரில் மறைமலை நகரிலிருந்து வந்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள், நினைவிருக்கிறதா? பெயருக்கேற்ற வண்டிதான். ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் பேசும். என் கணக்கில், கல்லூரி முடித்த பையன் முதன்முதலாக வாங்கக்கூடிய பழைய வேக வண்டிகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் சென்னையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. 2025 அக்டோபரில் மறைமலை நகரில் இன்ஜின் தயாரிக்கப்போவதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029இல் உற்பத்தி தொடக்கம். அதனால் ஐகானுக்குக் கதவுக் கைப்பிடி கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்! அதற்குப் புதுப்பேட்டைதான். வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தையிலும் ஒரு சுற்று.

இன்னும் கொஞ்சம் தெற்கே, சிங்கப்பெருமாள்கோவிலை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சிலிருந்து பி.எம்.டபிள்யூ. கார்கள் கோக்கப்படுகின்றன. அந்தப் பழைய 3 சீரிஸ் இன்று புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கிறதே, ஏன் தெரியுமா? காரின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் வாட்டர் பம்ப்பின் விலை இறங்குவதில்லை! ஐம்பது லட்ச ரூபாய் வண்டியை ஆறு லட்சத்துக்கு வாங்கினாலும், ரிப்பேர் வரும்போது அது ஐம்பது லட்ச ரூபாய் வண்டியாகவே நடந்துகொள்ளும். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. இது என் கணக்கு. உங்கள் மெக்கானிக் பாதி வேண்டும் என்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

போர்ஷே ஆசை உண்டா? 1990களின் கடைசியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வந்த பாக்ஸ்டரில், இன்ஜினுக்குள் 'ஐ.எம்.எஸ்.' பேரிங் என்று ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் சாமான். எல்லா வண்டியிலும் போகாது. போன வண்டியில் இன்ஜினையே கொண்டு போய்விடும்! முன்கூட்டியே மாற்றியதற்கு பில் இருந்தால் அந்த பில்லுக்குத்தான் விலை.

49 சென்டிமீட்டர்

சென்னையில் பழைய கார் வாங்குவதில் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு பாடம் உண்டு. 2015 டிசம்பர் 1-2இல், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர்! அரை மீட்டர் மழை! அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தியது தேசியச் செய்தி.

அந்த வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் எங்கே போயின? இன்ஷூரன்ஸ்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்று எழுதியவை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, உலர்த்தி, சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்தால்... "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், இன்ஜின் இன்னும் கை வைக்கல!"

மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க ஐந்து பைசா செலவில்லை, தெரியுமா? சீட் பெல்ட்டை கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறையின் கோடு இருக்கும்; அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை! ஸ்டெப்னி குழியின் அடியில் மணல், சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி. ஏர் ஃப்ரெஷ்னர் மணம் மூக்கைத் துளைத்தால் கம்பளத்தைத் தூக்கி மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தாழ்ந்த வண்டிக்கு இது இரட்டை ஆபத்து. காற்றை உறிஞ்சும் குழாய் தாழ்வாக இருக்கும். தண்ணீரை உறிஞ்சினால் சிலிண்டருக்குள் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காதே! கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்ற வண்டியைத் தண்ணீருக்குள் மறுபடி ஸ்டார்ட் செய்தால் சாதாரண பாலிசியில் கிளைம் தகராறுதான். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் பேச முடியும். ஹெரால்ட் போன்ற கார்புரேட்டர் வண்டி வெள்ளத்தில் நனைந்தால் பிரித்து மேய்ந்து பிழைக்க வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் பெட்டிகள் நிறைந்த ஜெர்மன் வண்டி நனைந்தால்... விலை எவ்வளவு குறைத்தாலும் நான் தொட மாட்டேன்.

ரப்பரும் பெட்ரோலும்

வண்டி குறைவாக ஓடியிருந்தால் நல்லது என்று யார் சொன்னது? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர்! பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும், ரப்பரோ கெட்டியாகிப் பிடிமானத்தை இழந்திருக்கும். 2013 நவம்பர் 30இல் நடிகர் பால் வாக்கர் உயிரிழந்த விபத்தில், அந்த போர்ஷே கரேரா ஜி.டி.யின் டயர்களுக்கு வயது ஒன்பது. அதிவேகம்தான் முதல் காரணம் என்ற விசாரணை, டயர்களின் வயதையும் குறித்து வைத்தது. ஷெட்டில் நின்ற வண்டி வாங்கினால் அட்வான்ஸோடு நாலு டயரின் விலையையும் கணக்கில் எழுதுங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2030க்கு வைத்த இலக்கை 2025இலேயே எட்டிவிட்டார்கள்! பழைய கார்களின் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் டயஃப்ரம், கார்க் கேஸ்கட்டுகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேரும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றாமல் விட்டு, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் அது பெரிய செலவு.

பேப்பர், பேப்பர், பேப்பர்

இன்ஜின் போனால் பணம்தான் போகும். பேப்பர் சரியில்லாவிட்டால் வண்டியே போகும். முதலாவது ரிஸ்க்கை மனசு ஒப்பி வாங்கலாம். இரண்டாவதை வாங்கவே கூடாது.

ஜப்பானிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் கொண்டுவர முடியுமா? பொதுவான விதி என்ன தெரியுமா? இறக்குமதியாகும் பழைய கார் மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வந்து இறங்குவது மும்பைத் துறைமுகத்தில். அப்படியானால் 1990களின் ஜப்பான் வண்டி ஒன்று சல்லிசாக வருகிறது என்றால் அது எப்படி உள்ளே வந்தது என்று கேட்க வேண்டாமா? 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில், பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகித்த கார்களைத் தேடிப் பறிமுதல் செய்தது. சினிமா நடிகர்களின் வீடுகள் வரை சோதனை! காசு கொடுத்து வாங்கியவர் நல்லவராகவே இருக்கலாம், வண்டி நிற்பது சுங்கத்துறை வளாகத்தில்.

'டெல்லி வண்டி'யும் ஒரு மாயம். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று வயதுக் கெடுபிடி வந்தது. அதனால் சொகுசு வண்டிகள் அங்கிருந்து சல்லிசாகத் தெற்கே இறங்குகின்றன. இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி. வேண்டும், வயதுக்கேற்றபடி ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், டி.என். 11 போர்டு ஏறும்வரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் சல்லிசு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் 15 வருடம் ஆனால் வண்டியைக் காயலான் கடையில் போட வேண்டும் என்பது புரளி! எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, 20 வயதைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். அதுவே இறக்குமதி கார் என்றால்? 80,000 ரூபாய்! மறைமலை நகர் ஐகானுக்கும் ஜெர்மனியில் பிறந்த பாக்ஸ்டருக்கும் ஒரே கவுன்டரில் எட்டு மடங்கு வித்தியாசம்.

விற்பவர்களுக்கும் ஒன்று: வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல். இன்ஷூரன்ஸில் 'நோ கிளைம் போனஸ்' 50 சதவீதம் வரை போகும், ஆனால் அது வண்டியோடு போவதில்லை, ஓனரோடு போகும்! "போனஸும் சேர்த்துத் தர்றேன் சார்" என்று புரோக்கர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

முந்தின ஓனர் சைலன்சரைக் கழற்றி வெடிச் சத்தம் வைத்திருக்கிறாரா? கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் செய்த மாற்றத்துக்கு அபராதம் கட்டப்போவது நீங்கள்.

ஒரு ஏலம், ஒரு போர்டு

பெருங்களத்தூர் தொழிற்சாலை 1988இல் நின்றதே, உள்ளே மிச்சமிருந்த சாமான்கள் என்னவாயின? வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2006இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாகக் கம்பெனி, ரோவர் எஸ்.டி.1க்குப் பொருந்தும் பயன்படுத்தாத சாமான் அத்தனையையும் மொத்தமாக வாங்கிக் கொண்டுபோனது! ரோவர் பிறந்த ஊர்க்காரர்கள், அதன் சாமானுக்குத் தாம்பரம் பக்கம் வந்து போயிருக்கிறார்கள். நம்ம ஹெரால்டுக்கும் இதே வழிதான் எதிர்த்திசையில் உதவுகிறது. ஸ்பிட்ஃபயர் ரசிகர்கள் இருக்கும்வரை அங்கே சாமான் செய்வார்கள். முன் சஸ்பென்ஷன், பிரேக் சாமான் பலவும் பொருந்தும். அறுபது வயது ஹெரால்டுக்கு ட்ரன்னியன் வாங்குவது, இருபது வயது ஐகானுக்கு டெயில் லேம்ப் தேடுவதைவிட சுலபமாக இருப்பது இதனால்தான்.

முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய, சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. மாநில எழுத்துக்குப் பக்கத்தில் 'வி.ஏ.' என்று போட்ட தனி நம்பர் போர்டு! புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம், புதுப்பிக்க 5,000 ரூபாய். தினம் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று எடுக்கலாம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். தாத்தா வாங்கிய ஹெரால்டோ கெஸலோ வீட்டுக் கொல்லையில் கிடந்தால், காயலான் கடைக்காரருக்கு போன் போடும் முன் பீரோவில் அதன் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதோடு ஒத்துப்போனால் வண்டியை விற்காதீர்கள். 1971 வரை வந்த ஹெரால்டுகள் 50ஐத் தாண்டிவிட்டன. 1977இல் பதிவான கெஸல்களுக்கு 2027இல் 50 முடிகிறது.